403 நாள் விடாமல் வேதம் வாசித்தேன், ஒரு வசனமும் கைக்கு வரவில்லை

நெடுவரி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பல மாதமாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஜனவரி முதல் தேதி போனில் ஒரு வேதவாசிப்புச் செயலியை இறக்கினேன். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வரிசையாக ஒரே வருஷத்தில் முடிக்கிற திட்டம். மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று, சில நாள் நாலு. முடித்ததும் பச்சையாக ஒரு டிக் விழும். கீழே 'தொடர்ச்சியாக இத்தனை நாள்' என்று ஓர் எண் கூடும். அந்த எண் ஒரு போதைதான். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் விடவில்லை. ஒரு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்ப இரவு 11:45 ஆகிவிட்டது. வண்டியை நிறுத்தின இடத்திலேயே உட்கார்ந்து, ஒன்று நாளாகமத்தில் மூன்று அதிகாரத்தைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி முடித்தேன். பேர் பேராகப் போகிற பகுதி. டிக் விழுந்தது. நிம்மதியாகக் கதவைப் பூட்டிவிட்டு மேலே போனேன்.

அப்படி ஒரு சுற்று முடிந்து இந்த வருஷம் இரண்டாம் சுற்று. எண் 403-இல் நின்றபோது அப்பாவுக்குப் பக்கவாதம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வாய் வரவில்லை. ஒரு வசனத்தையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று தேடினால், அந்த 403 நாளில் வாசித்தது ஒன்றும் மேலே வரவில்லை. வந்தது 121-ஆம் சங்கீதம். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." அது எட்டு வயசில் ஞாயிறு பள்ளியில் பரிசுக்காக மனப்பாடம் செய்தது. பரிசு ஒரு பென்சில் பெட்டி.

விடிந்ததும் போனைப் பார்த்தேன். எண் 0. வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன், நிம்மதியாக இருந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது. வேதம் எனக்குச் சுமையாகவா இருந்தது? அத்தனை நாளும் நான் செய்தது என்ன?

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வலது கை இன்னும் வரவில்லை, பேச்சு குழறுகிறது. மூன்று வாரமாக நான் வேதத்தைத் திறக்கவில்லை. திட்டாமல் பதில் சொல்லுங்கள்.

---

பத்துநிமிடம் எழுதியது:

அப்பா சுகமாக ஜெபிக்கிறேன் சகோ. திட்டவில்லை, ஆனால் பட்டென்று சொல்லிவிடுகிறேன். மனசு வந்தால் வாசிக்கலாம் என்று விட்டால் வாரத்துக்கு இரண்டு நாள்கூடத் தேறாது. இருபத்தைந்து வயசு வரை நான் அப்படித்தான் இருந்தேன். அதற்கப்புறம் காலை 5:30, பத்து நிமிஷம், என்ன நடந்தாலும். பெரோயா பட்டணத்தார் 'தினந்தோறும்' வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள் என்றுதான் அப்போஸ்தலர் 17:11-இல் இருக்கிறது. தோன்றினபோது என்று இல்லை.

வராந்தாவில் அந்தச் சங்கீதம் எப்படி வந்தது என்று யோசித்தீர்களா? சின்ன வயசில் தினமும் சொல்ல வைத்தார்கள், அதனால் வந்தது. அன்றைக்கு அது உங்களுக்குப் பென்சில் பெட்டிக்காக. அப்போது பிரயோஜனம் இல்லாத வாசிப்பு மாதிரிதான் இருந்திருக்கும்.

செயலியை அழியுங்கள். நேரத்தை விடாதீர்கள்.

---

தோற்சுருள் எழுதியது:

தம்பி, உங்கள் நோய் பழைய நோய். ராபர்ட் மரே மெக்செய்ன் என்று ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தில் ஒரு போதகர் இருந்தார். 1842-இல் தன் சபையாருக்கு ஒரு வாசிப்பு அட்டவணை போட்டுக்கொடுத்தார். நாளுக்கு நாலு அதிகாரம். வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. இன்றைக்கும் செயலிகளில் அவர் பேரிலேயே அந்தத் திட்டம் கிடைக்கிறது. அட்டவணையைக் கொடுத்ததோடு, அதனால் வரக்கூடிய ஆபத்துகளையும் அவரே எழுதிவைத்தார். வெறும் சடங்காகிவிடும், சுயநீதி வரும், கவனமில்லாமல் ஓட்டத் தோன்றும், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடும். வண்டிக்குள் உட்கார்ந்து நாளாகமம் தள்ளினது மூன்றாவது, எண் 0 ஆனதும் வந்த நிம்மதி நாலாவது. மறுவருஷமே, 29 வயசில், மெக்செய்ன் இறந்துபோனார். அட்டவணை ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று. நாம் எண்ணுகிற இந்த அதிகாரங்கள் வேதத்தோடு பிறந்தவை அல்ல. இப்போதுள்ள பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயக் குரு செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்றைய வசன எண்களைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர், 1551-இல். தேடி எடுக்க வசதிக்காகப் போட்ட வெட்டு. சில இடத்தில் அந்த வெட்டு நரம்பிலேயே விழுந்திருக்கிறது.

யோவான் 7-இன் கடைசி வசனம்: "பின்பு அவரவர் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்." அதிகாரம் முடிந்தது, டிக். எட்டாம் அதிகாரம் முதல் வசனம்: "இயேசு ஒலிவமலைக்குப் போனார்." இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். அவரவருக்குப் போக ஒரு வீடு இருந்தது. அவர் மலைக்குப் போனார். முப்பது வருஷம் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லை. ஒரு நாள் தேதி குழம்பி இரண்டு நாள் பகுதியைச் சேர்த்து வாசித்தபோதுதான் பட்டது.

---

கேள்விக்குறி எழுதியது:

ஐயா, நல்ல கவனிப்புதான். ஆனால் யோவான் 7:53 முதல் 8:11 வரை மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லையே? பல பதிப்புகளில் அடிக்குறிப்பே போட்டிருப்பார்கள்.

---

தோற்சுருள் எழுதியது:

இல்லைதான். நீ கேட்பாய் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதினேன். பின்னால் வந்து சேர்ந்த பகுதி என்றே வைத்துக்கொள். அதை எழுதினவர் கையில் அந்த இரண்டு வாக்கியமும் அடுத்தடுத்துத்தான் இருந்தன. நடுவில் சுவர் எழுப்பினது நாம்தான்.

---

சிறுதுளி எழுதியது:

நெடுவரி அண்ணா, உங்களுக்கு 403 நாள். எனக்கு மூன்று வாரமாக நாலே வசனம்.

குழந்தைக்கு ஏழு மாசம். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது ஒரு கை மட்டும் காலியாக இருக்கும். அந்தக் கையால் போனைப் பிடித்து வாசிக்கிறேன். பக்கம் தள்ள விரல் எட்டாது, தள்ளினால் குழந்தை அசைந்துவிடுவாள். அதனால் திரையில் இருக்கிறதே ராத்திரி முழுக்க. முன்பெல்லாம் இதை வாசிப்பு என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன். கல்யாணத்துக்கு முன் வேதபாடக் குழுவில் நான்தான் முதல் ஆளாக முடிப்பேன்.

இப்போது நிற்பது இரண்டாம் தீமோத்தேயு நாலாம் அதிகாரம், கடைசிப் பகுதி. "நல்ல போராட்டத்தைப் போராடினேன்" எல்லாருக்கும் தெரியும், கல்லறையில்கூட எழுதுகிறோம். அதற்குக் கொஞ்சம் கீழே பவுல் ஒரு மேலங்கியைக் கேட்கிறார். துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவிட்டு வந்தேன், வரும்போது எடுத்துக்கொண்டு வா, புஸ்தகங்களையும் கொண்டுவா, முக்கியமாகத் தோற்சுருள்களை. (தோற்சுருள் ஐயா, உங்கள் பேர் இங்கிருந்துதானே?) அப்புறம் 21-ஆம் வசனத்தில், மாரிகாலத்துக்கு முன் வந்து சேரப் பார் என்கிறார்.

இரண்டு நாள் வாசித்தபோது இது வெறும் சாமான் பட்டியல். ஐந்தாறு ராத்திரி ஆன பிறகுதான் இரண்டும் சேர்ந்தன. மேலங்கி வேண்டும், குளிர்காலம் வருகிறது. அவ்வளவுதான் விஷயம். ஜெயிலில் அவருக்குக் குளிருகிறது. போராட்டத்தை முடித்தேன், ஓட்டத்தை முடித்தேன் என்று எழுதின அதே ஆளுக்கு. அந்த ராத்திரி எழுந்து போய் குழந்தைக்கு இன்னொரு போர்வை எடுத்தேன். அவ்வளவுதான் என் தியானம்.

---

பத்துநிமிடம் எழுதியது:

சிஸ்டர், உங்கள் சூழ்நிலை வேறு, புரிகிறது. ஆனால் இதை எல்லாருக்கும் வழியாக வைத்தால், பிடித்த நாலு வசனத்திலேயே ஆயுசு ஓடிவிடும். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" தருவேன் என்கிற எரேமியா 29:11-ஐ மட்டும் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் எத்தனை பேர்?

---

நெடுவரி எழுதியது:

நீங்கள் சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் அந்த வசனத்தை எனக்கு ஒன்பது பேர் வாட்ஸப்பில் அனுப்பினார்கள். சூரிய உதயப் படத்தோடு ஐந்து, பூவோடு மூன்று, ஒன்று வெறும் எழுத்து. எல்லாருக்கும் கைகூப்புகிற படம் அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை, அந்த நேரத்தில் அது எனக்குள் இறங்கவே இல்லை.

---

தோற்சுருள் எழுதியது:

அடுத்த தடவை பத்தாம் வசனத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்று இருக்கும். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. சீக்கிரம் ஊர் திரும்பலாம் என்று வேறு தீர்க்கதரிசிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியா அப்படியல்ல, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று எழுதினார். கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகர் திரும்பிப் போவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். "எதிர்பார்த்திருக்கும் முடிவு" அவர்களுக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் வழியாகத்தான். சூரிய உதயப் படம் இதற்குப் பொருந்தாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு இந்த முழுக் கடிதம்தான் ஏற்றது என்று நான் நினைக்கிறேன்.

---

வெளிமுற்றம் எழுதியது:

கத்தோலிக்கர் ஒருவர் நடுவில் நுழையலாமா? எங்கள் பக்கம் இந்த எண்ணிக்கைச் சிக்கல் கொஞ்சம் குறைவு, வேறு சிக்கல் இருக்கிறது.

தினத் திருப்பலிக்கு வாசகங்கள் ஏற்கெனவே குறிக்கப்பட்டவை. 1969-இல் வந்த ஒழுங்கு. பொதுக்காலத்தில் (தவக்காலம், பாஸ்காக் காலம் போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத நாள்களில்) வார நாள்களின் முதல் வாசகம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும், நற்செய்தி ஆண்டுதோறும் திரும்பும். ஞாயிறுக்கு மூன்றாண்டுச் சுற்று. நான் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. இன்று எனக்கு ஆறுதல் வேண்டும் என்றால் இன்றைய வாசகம் ஆமோசாக இருக்கும். பணக்காரர்களைத் திட்டிக்கொண்டிருப்பார். அதே வாசகத்தை எனக்குத் தெரியாத எத்தனையோ பேர் அன்றைக்கு வாசிக்கிறார்கள் என்ற எண்ணம் எனக்கு உதவியிருக்கிறது. என் மனநிலைக்கு ஏற்ற வாசகம் தேடும் பழக்கம் போனது. சிக்கல் என்னவென்றால், வாசகங்கள் துண்டு துண்டாக வருவதால், முழு நூலாக எதையும் வாசிக்காமலே வயதாகிவிடலாம். எனக்கு ஏறக்குறைய அப்படித்தான் ஆனது.

சொல்ல வந்தது வேறு. என் மனைவி உங்கள் பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர். ஒரே மேசையில் இரண்டு விவிலியம். 23-ஆம் சங்கீதம் அவருக்கு, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்." எனக்கு, "ஆண்டவரே என் ஆயர், எனக்கேதும் குறையில்லை." ஒரு நாள் சும்மா கேட்டேன், தாழ்ச்சியடையேன் என்றால் என்ன? "யார் முன்னாலும் தலைகுனிய விடமாட்டார்" என்றார். முப்பத்தெட்டு வருஷமாக அப்படி நினைத்தே சொல்லியிருக்கிறார். வேலையில் அவமானப்பட்ட நாள்களில் அந்த வரி பொய்த்துப்போனதாக அழுதிருக்கிறார். தாழ்ச்சி என்பது அங்கே குறைவு, இல்லாமை. சொல் அப்படியே நின்றுவிட்டது, தமிழ் நகர்ந்துவிட்டது.

'எரிச்சலுள்ள தேவன்' என்று பத்துக் கட்டளையில் வருகிறதே, அதுவும் இதே கதைதான். இன்றைய காதுக்கு அது சிடுசிடுப்பு. தன் மக்களை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்க மாட்டாத வைராக்கியம் அது. பரிச்சயமான வசனம்தான் அதிகம் ஏமாற்றுகிறது. இன்னொரு மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து வாசித்துப் பாருங்கள். என் மனைவி இன்னும் 'தாழ்ச்சியடையேன்' என்றுதான் சொல்கிறார், அது வேறு விஷயம்.

---

கேள்விக்குறி எழுதியது:

என் பிரச்சினை நேர் எதிர். எனக்கு மனசில் நிற்கிறது. நிற்கக் கூடாதது நிற்கிறது.

137-ஆம் சங்கீதம், பாபிலோன் ஆறுகள் அருகே உட்கார்ந்து அழுதோம். அழகான பாட்டு. கடைசி வசனம், பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான். கவனித்தீர்களா, பாக்கியவான். முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் வேதத்தைத் தியானிக்கிறவனுக்கு என்ன சொல்லோ அதே சொல். எபிரெயத்திலும் ஒரே சொல்தான், பார்த்துவிட்டேன். காலை ஆறு மணிக்கு இதை வாசித்துவிட்டு, ஏழு மணிக்கு என் மகளை எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப வேண்டும்.

போதகரிடம் கேட்டேன். அது பாவத்துக்கு அடையாளம், சின்னதாக இருக்கும்போதே நசுக்க வேண்டும் என்றார். மன்னிக்கவும், எனக்கு அது தப்பித்தலாகப் படுகிறது. எழுதினவன் குழந்தை என்றுதான் எழுதினான்.

தினமும் வாசிக்காதவனுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஞாயிறு பிரசங்கத்தில் இந்த வசனம் வரவே வராது.

---

தோற்சுருள் எழுதியது:

உன் போதகர் சொன்னது அவர் கண்டுபிடிப்பு இல்லை, ஆதிசபை அறிஞர் ஓரிகேன் காலத்திலிருந்து அப்படி வாசித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உன் உறுத்தல் நியாயம், அதை அவசரமாகத் தீர்க்காதே. எனக்கும் தீரவில்லை. எருசலேம் விழுந்தபோது தன் பிள்ளையை அப்படிப் பறிகொடுத்தவன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பான், அவன் கர்த்தரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தாலும் அந்த வசனத்தில் நான் ஒவ்வொரு தடவையும் வேகமாகத்தான் போகிறேன்.

---

ஒலிவாசகன் எழுதியது:

வேகமாகப் போகிற வசதி எனக்கு இல்லை. பதினாறு வயசில் பார்வை போய்விட்டது. எனக்கு வேதம் என்றால் ஒலிப்பதிவு. முழு வேதாகமத்தையும் யாராவது நிதானமாக வாசித்தால் எழுபது எண்பது மணி நேரம் வரும். தினம் கால் மணி நேரம் கேட்டால் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடுகிறது.

நீங்கள் எல்லாரும் கண்ணால் தாண்டுகிற இடங்களில் நான் உட்கார்ந்தே ஆக வேண்டும். வம்ச அட்டவணை வந்தால் வாசிக்கிறவர் மூச்சு வாங்குவது கேட்கும். கடினமான பேருக்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம். எந்தப் பேரில் அவர் தடுமாறுவார் என்று எனக்கு இப்போது மனப்பாடம். நெகேமியா மூன்றாம் அதிகாரம், எருசலேம் அலங்கம், அதாவது மதில், கட்டினவர்கள் பட்டியல். பாதியில் சல்லூம் என்ற ஒருவன், அவனும் அவன் குமாரத்திகளும் கட்டினார்கள் என்று வருகிறது. அத்தனை ஆண்கள் பேருக்கு நடுவில் மகள்கள் கல் சுமக்கிறார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் மட்டும் வேலைக்குக் கழுத்துக் கொடுக்கவில்லை, அதுவும் பதிவாகியிருக்கிறது. கண்ணால் வாசித்தால் நானும் தள்ளிவிட்டிருப்பேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தனியாக, மௌனமாக, கையில் சொந்தப் புத்தகத்தோடு வாசிப்பதுதான் வேதவாசிப்பு என்று நாம் நினைக்கிறோம். அச்சு வருவதற்கு முன் அநேக விசுவாசிகள் கேட்டவர்கள்தான். வெளிப்படுத்தல் 1:3-இல் "வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்" என்று இருக்கும். வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. ஒருவர் வாசிக்க ஒரு சபை கேட்கிறது. மோசே நியாயப்பிரமாணத்தை ஜனங்களுக்கு முன் வாசிக்கச் சொன்னது ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, உபாகமம் 31-இல். தன் ஜீவனுள்ள நாளெல்லாம் தானே வாசிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவன் யார் தெரியுமா? ராஜா. உபாகமம் 17. தன் சகோதரர்மேல் அவன் இருதயம் மேட்டிமை கொள்ளாதபடிக்கு என்று காரணமும் இருக்கிறது.

அப்புறம் முதலாம் சங்கீதத்தில் 'தியானம்' என்று வருகிற எபிரெயச் சொல் ஹாகா. வாய்க்குள் முணுமுணுப்பது. ஏசாயாவில் சிங்கம் உறுமுவதற்கும் புறா முனகுவதற்கும் அதே சொல்தான். கண்ணை மூடி அசையாமல் உட்காருவது இல்லை, உதடு அசைய வேண்டும்.

கேள்விக்குறி, உங்களுக்கு ஒன்று. 88-ஆம் சங்கீதம் கேட்டுப்பாருங்கள். மற்றச் சோகப் பாட்டுகள் பெரும்பாலும் கடைசியில் எப்படியோ துதிக்குத் திரும்பும். இது திரும்பாது. எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே இருள். பதினாறு வயசில் எனக்கு அதை யாரும் வாசித்துக் காட்டவில்லை. எல்லாரும் குருடர் பார்வையடைந்த கதைகளையே வாசித்தார்கள்.

---

சிறுதுளி எழுதியது:

ஒலிவாசகன் அண்ணா, கடைசி வரியை வாசித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

---

பத்துநிமிடம் எழுதியது:

நானும் இரண்டு நாளாக இந்த இழையைத் திறந்து திறந்து மூடினேன். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். தினசரி, தினசரி என்று எல்லாருக்கும் சொல்கிறேனே, என் பத்து நிமிஷத்தில் பாதி நாள் அலுவலக ஞாபகம்தான். முடித்துவிட்டு எழுந்தால் எந்தப் புத்தகம் வாசித்தேன் என்று கேட்டால் யோசிக்க வேண்டும்.

ஆனாலும் விடமாட்டேன், காரணம் ஒன்று இருக்கிறது. போன வருஷம் லேவியராகமம். தோல்வியாதி, வீட்டுச் சுவரில் பூசணம், ஆசாரியன் ஏழு நாள் கழித்து வந்து பார்ப்பான், மறுபடி ஏழு நாள். கொட்டாவி விட்டுக்கொண்டே போனேன். 19-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனம். கூலிக்காரன் கூலி விடியும் வரை உன்னிடம் தங்கக் கூடாது என்று இருக்கிறது. எனக்கு வீட்டுக்கு வண்ணம் அடித்தவர் ஞாபகம் வந்தார். வேலை முடிந்து ஒன்பது நாள். ஒரு ஜன்னல் ஓரம் சரியாக வரவில்லை என்று பாக்கியை வைத்திருந்தேன். உண்மையைச் சொன்னால் ஜன்னல் ஒரு சாக்கு, அனுப்பச் சோம்பல். அவர் இரண்டு தடவை போன் செய்திருந்தார், நான் எடுக்கவில்லை.

வேதத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பணத்தை அனுப்பினேன். மணி 5:40. அந்நேரத்துக்கே அவர் நன்றி என்று பதில் போட்டார். விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

பிடித்ததை மட்டும் வாசிக்கிறவனாக இருந்தால் லேவியராகமத்துக்கு நான் போயிருக்கவே மாட்டேன். கடமைக்குப் போனதால்தான் அங்கே இருந்தேன். இதைத்தான் முதலிலேயே சொல்ல வந்தேன், பிரசங்கம் மாதிரி ஆகிவிட்டது. நெடுவரி, அந்தத் தொனிக்கு மன்னிக்கவும்.

---

வெளிமுற்றம் எழுதியது:

உங்கள் 5:40-ஐ என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த ஜன்னல் ஓரம் என்ன ஆச்சுன்னு கேளுங்க" என்கிறார்.

---

பத்துநிமிடம் எழுதியது:

அப்படியேதான் இருக்கிறது.

---

நெடுவரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தனித்தனியாகப் பதில் எழுத நினைத்தேன், நேரம் அமையவில்லை. நேற்று நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஒலிவாசகன் எழுதினதை வாசித்த பிறகு, அப்பாவுக்கு வாசித்துக் காட்டலாமே என்று தோன்றியது. அவருக்கு இப்போது எழுத்து நிலைக்கவில்லை, வரி மாறிப் போகிறது என்கிறார். செயலியைத் திறக்கவில்லை; அவருடைய பழைய வேதாகமத்தையே எடுத்தேன். எங்கே ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன். "நீ... விட்ட இடம்" என்றார்.

விட்ட இடம் எண்ணாகமம் 7. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளுக்கு வர வேண்டியிருந்த பகுதி. 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத்துத் தலைவர்களும் நாளுக்கு ஒருவராக வந்து காணிக்கை வைக்கிறார்கள். முதல் நாள் யூதா கோத்திரத்து நகசோன். 130 சேக்கல் நிறையில் ஒரு வெள்ளித்தாலம், 70 சேக்கலில் ஒரு வெள்ளிக்கலம், பத்துச் சேக்கலில் பொன்னாலான தூபகரண்டி, அப்புறம் காளை, கடா, ஆட்டுக்குட்டி. இரண்டாம் நாள் வேறொருவர், அதே தாலம், அதே கலம், அதே கரண்டி. எடைகூட மாறவில்லை. மூன்றாம் நாளும் அதே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதருக்கு இதை வாசிக்கிறோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

"அப்பா, மிச்சம் ஒன்பது பேரும் இதேதான். தள்ளிடவா?"

அப்பா நாற்பது வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். கண்ணை மூடிக்கொண்டே இடது கையை ஆட்டினார். கூடாது என்று. சொல் வர நேரம் ஆனது. "ஒவ்வொருத்தன் வரவும்... தனி வரி."

சரி என்று நாலாம் நாளுக்குப் போனேன். ரூபன் கோத்திரம். தாலம், கலம், கரண்டி. ஐந்தாம் நாள். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஜெபிக்கிறார் என்று நினைத்தேன். ஆறாம் நாள் நடுவில் திடீரென்று, "ரெண்டாயிரத்து நானூறு" என்றார்.

"என்னப்பா?"

"வெள்ளி. மொத்தம்."

பக்கத்தைப் புரட்டி 85-ஆம் வசனத்தை அவருக்குத் தெரியாமல் பார்த்தேன். பாத்திரங்களின் வெள்ளி மொத்தம் 2400 சேக்கல் என்று எழுதியிருக்கிறது. நூற்றுமுப்பதும் எழுபதும் இருநூறு, பன்னிரண்டால் பெருக்கியிருக்கிறார். போன வாரம் மருத்துவர் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டபோது இதே மனிதர் விழித்தார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. தொடர்ந்து வாசித்தேன். எட்டாம் நாள், மனாசே கோத்திரம், பெதாசூரின் குமாரன் கமாலியேல். வெள்ளித்தாலம் என்று சொல்லும்போது குறட்டை கேட்டது. அங்கேயே ஒரு சீட்டை வைத்து மூடிவிட்டேன்.

இன்று ராத்திரி ஒன்பதாம் நாளிலிருந்து. 85-ஆம் வசனம் வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.